சினைப் பூனையும் பால்குடிக் குட்டிகளும்

தேனி மாவட்டம் கம்பத்தை அடுத்த சுருளிப்பட்டியில் பூனை வளர்க்காத வீடு உண்டு. பூனை வந்து போகாத வீடு இல்லை. நெல் மூட்டை, மாட்டுத் தீவனம், தேங்காய்க் குவியல் என எலிக்கு வேண்டியதெல்லாம் வீட்டை ஒட்டியே கிடக்கும் ஊர் இது. எலிக்காகப் பூனையை வைத்திருப்பவர்கள் அதற்கென்று தனியாக எதுவும் வைப்பதில்லை. குட்டி போட்டாலும் "அதுபாட்டுக்குப் போட்டு அதுபாட்டுக்கு வளர்த்துக்கும்" என்று விட்டுவிடுவார்கள்.

இதில் பாதி உண்மை. குட்டி போடும் வேலையைப் பெரும்பாலான பூனைகள் யார் துணையும் இல்லாமல் முடித்துவிடும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களில்தான் அதனால் முடியாதவை இருக்கின்றன. ஐந்து குட்டிக்குப் பால் சுரக்கும் அளவுக்கு எலி கிடைக்காது. மருந்தடித்த தோட்டம் எது, அடிக்காத தோட்டம் எது என்று அதற்குத் தெரியாது. குட்டிகள் அதிகம் சாவது பிறந்த முதல் இரண்டு வாரத்தில்; பசி, குளிர், தெள்ளு, எறும்பு ஆகியவற்றுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஆகவே இந்த அத்தியாயத்தின் விதி ஒன்றுதான்: பிரசவத்தைப் பூனை பார்த்துக்கொள்ளட்டும், தீனியையும் விஷத்தையும் நாம் பார்த்துக்கொள்வோம்.

நாள் கணக்கு

பெட்டைப் பூனை 4 முதல் 6 மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். இரவெல்லாம் கத்தும், தரையில் உருளும், முதுகைத் தடவினால் பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும். வயிற்றுவலி என்று நினைத்து மருந்து கொடுக்க வேண்டாம். பசுவைப் போலன்றி, இதற்குக் கருமுட்டை தானாக வெளியாவது அரிது; கடுவன் சேர்ந்த பிறகுதான் வெளியாகும். அதனால் கடுவனோடு சேர்ந்த பூனை பெரும்பாலும் சினைப்பட்டுவிடும். ஒரே ஈற்றில் பிறக்கும் குட்டிகளுக்கு வேறு வேறு தகப்பன் இருப்பதும் உண்டு.

சினைக்காலம் 63 முதல் 67 நாள். பொங்கலன்று, ஜனவரி 15-ல், கடுவனோடு சேர்ந்தது என்று வைத்துக்கொண்டால் மார்ச் 19 முதல் 23-க்குள் குட்டியை எதிர்பார்க்கலாம். மார்ச் 26 தாண்டியும் அசைவில்லை என்றால் 70 நாள் ஆகிவிட்டது. மருத்துவரிடம் போக வேண்டும். நாட்காட்டித் தாளில் இந்த மூன்று தேதியையும் வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

சேர்ந்த நாள் தெரியாதவர்கள் காம்பைப் பார்க்கலாம். மூன்றாவது வாரத்தில் காம்புகள் ரோஸ் நிறமாகித் தடித்து, சுற்றியுள்ள முடி விலகித் தெரியும். வயிறு தெரிவது ஐந்தாவது வாரத்துக்குப் பிறகு. விரலால் அமுக்கிக் குட்டியை எண்ணிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள், கருப்பை காயப்படும். மூன்று வாரம் தாண்டினால் ஸ்கேனில் தெரியும். எத்தனை குட்டி என்று அறிய 45 நாளுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்தால் எலும்புகள் தெரியும். அந்த எண்ணிக்கை குட்டி போடும் நாளில் கைகொடுக்கும்: எக்ஸ்ரேயில் நான்கு தெரிந்து மூன்றுதான் வெளியே வந்திருந்தால் இன்னொன்று உள்ளே இருக்கிறது.

தீனி

3 கிலோ எடையுள்ள நாட்டுப் பூனைக்குச் சாதாரண நாளில் சுமார் 200 கலோரி போதும். சினையின் கடைசி வாரங்களில் அதன் ஒன்றரை மடங்கு வேண்டும். பால் கொடுக்கும் மூன்றாவது, நான்காவது வாரத்தில் இரண்டு முதல் மூன்று மடங்கு. தாயைச் சுற்றி ஐந்து குட்டி மொய்க்கும் அந்த நாட்களில்தான் பல வீடுகளில் அதே பழைய தட்டும் அதே ஒரு பிடி சோறும் போகின்றன.

சோறு கெடுதலில்லை, சோறு மட்டும் என்றால் போதாது. பூனை முழுக்க முழுக்கக் கறியுண்ணி. டாரின் என்ற சத்தைப் போதிய அளவுக்குத் தன் உடம்பில் உண்டாக்கிக்கொள்ள அதனால் முடியாது. கறி, மீன் வழியாகத்தான் கிடைக்க வேண்டும். 1987-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தில் பால் பியான் என்ற கால்நடை மருத்துவரும் அவர் குழுவினரும், பூனைகளின் இதயம் வீங்கிப் பலவீனமாகும் நோய்க்கு டாரின் குறைவு காரணம் என்று காட்டினார்கள். கடையில் விற்கும் பூனைத் தீனியில் டாரின் அளவு கூட்டப்பட்டது அதன் பிறகுதான். சினைப் பூனைக்கு இது குறைந்தால் கரு கலையும், குட்டி செத்துப் பிறக்கும், பிழைத்தவை எடை குறைந்து பிறக்கும். கேரட்டிலும் கீரையிலும் இருக்கும் சத்தை வைட்டமின் ஏ-வாக மாற்றவும் பூனையால் முடியாது. தயிர்ச்சோறு மட்டும் தின்று வளரும் பூனை குட்டியை இழப்பதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

கம்பத்துக் கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழி இருதயம் டாரின் நிறைந்தது. தொடைக்கறியில் நெஞ்சுக்கறியைவிட அதிகம். வேகவைத்தால் டாரின் தண்ணீரில் இறங்கிவிடும். ஆகவே வெந்த தண்ணீரையும் சேர்த்தே வையுங்கள். வைகை அணையின் ஜிலேபிக் கெண்டை, வண்டியில் வரும் மத்தி, எதுவானாலும் வேகவைத்து முள் எடுத்துக் கொடுங்கள். பச்சை மீனைத் தொடர்ந்து தின்றால் தயமின் சத்து அழியும். வேகவைத்த முட்டை நல்லது. ஈரல் வாரத்துக்கு ஒருமுறை சிறு துண்டு போதும். தினமும் கொடுத்தால் வைட்டமின் ஏ மிகுந்து கருவைப் பாதிக்கும். கருவாட்டை ஊறவைத்து, உப்பை வடித்து, எப்போதாவது கொடுக்கலாம்.

வீட்டுச் சாப்பாட்டில் எல்லாச் சத்தையும் சரியான அளவில் அமைப்பது கடினம். கட்டுபடியாகிறவர்கள் ஐந்தாவது வாரத்திலிருந்து குட்டிகள் பால் மறக்கும்வரை, 'பூனைக்குட்டிகளுக்கு' என்று அச்சிட்ட பாக்கெட் தீனியைத் தாய்க்கே கொடுக்கலாம். அது தாய்க்கும் பொருந்தும். பாக்கெட் முழுச் செலவு தாங்காது என்றால் பாதி பாக்கெட், பாதி கறி. கடைசி வாரங்களில் குட்டிகள் இரைப்பையை நெருக்குவதால் ஒரே வேளையில் அதிகம் தின்ன முடியாது. நான்கைந்து வேளையாகப் பிரித்து வையுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

கொடுக்கக் கூடாதவை: வெங்காயமும் பூண்டும் போட்ட சாம்பார், ரசம், கறிக்குழம்பு. இரண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வெந்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். பசும்பால் பல பெரிய பூனைகளுக்குச் செரிக்காமல் வயிற்றுப்போக்கு ஆகும். பால் கொடுத்தால்தான் பால் சுரக்கும் என்பது தவறு. சினைக்காலத்தில் கால்சியம் மாத்திரையை நாமாகக் கொடுக்க வேண்டாம். பால் கொடுக்கும் நேரத்தில் உடம்பு தன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும் திறனை அது குலைத்துவிடும்.

தோட்டமும் வீடும்: விஷங்கள்

பன்னீர் திராட்சை விளையும் பூமியில் பூனை வளர்ப்பவருக்கு இந்தப் பகுதி மிக முக்கியம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கொடியைக் காப்பாற்ற, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை முதல் கடை மருந்துகள்வரை பருவம் முழுக்கத் தெளிக்கிறார்கள். பந்தலுக்கு அடியில் நடந்து வரும் பூனையின் பாதத்திலும் முடியிலும் மருந்து ஒட்டும். பூனை தன் உடம்பை நக்கியே சுத்தம் செய்யும். ஒட்டியதெல்லாம் வயிற்றுக்குள் போகும், பிறகு குட்டிகள் தாயின் முடியை முகர்ந்து பால் குடிக்கும். மருந்தடிக்கும் நாளும் மறுநாளும் சினைப் பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். நனைந்து வந்துவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும் கொண்டு கழுவித் துடைத்துவிடுங்கள். மருந்துக் கலன், கைக்குட்டை, தெளித்தவரின் உடை ஆகியவற்றின் மேல் பூனை படுக்க விடாதீர்கள்.

திராட்சைப் பழமும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூனைக்கும் அது பாதுகாப்பென்று சொல்ல முடியாது, தீனியில் கலக்காதீர்கள்.

எலி மருந்து அடுத்தது. வயலில் துத்தநாக பாஸ்பைடும், வீட்டில் இரத்தம் உறையாமல் செய்யும் கட்டிகளும் புழங்குகின்றன. மருந்து தின்ற எலியைத் தின்ற பூனைக்கும் விஷம் ஏறும். பூனை சினையாக இருக்கும்போது வீட்டில் எலிக்கூண்டு மட்டும் வையுங்கள். பக்கத்து வயலில் மருந்து வைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஈறில் இரத்தம், வெளிறிய வாய், நுரை தள்ளல், வலிப்பு, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. மருந்து அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைப்பது ஆபத்து.

வீட்டுக்குள் மூன்று பொருள்கள். பினாயில்: பூனையின் கல்லீரலால் அதை முறிக்க முடியாது. குட்டி இருக்கும் அறையை வெறும் சோப்புத் தண்ணீரால் துடையுங்கள். பாராசிட்டமால்: மனிதருக்கான ஒரு மாத்திரை பூனையைக் கொல்லப் போதும். அந்துருண்டை: குட்டி போட பூனை தேடும் துணிப்பெட்டியில்தான் அதுவும் கிடக்கும்.

நாய்க்கான தெள்ளு மருந்தில் பெர்மெத்ரின் இருக்கலாம். அது பூனைக்கு விஷம். சினையோடும் பால் கொடுத்துக்கொண்டும் இருக்கும் பூனைக்குச் சில மருந்துகள் மட்டுமே பாதுகாப்பானவை. குடற்புழு மருந்தையும் தெள்ளு மருந்தையும் கால்நடை மருத்துவரைக் கேட்டே வாங்குங்கள். சினையாக இருக்கும்போது உயிருள்ள கிருமி கலந்த தடுப்பூசி போடக் கூடாது. பூனைக்கழிச்சல் நோய்க்கான அவ்வகைத் தடுப்பூசி கருவில் இருக்கும் குட்டியின் சிறுமூளையைப் பாதித்து, ஆயுசுக்கும் தள்ளாடி நடக்க வைக்கும். தடுப்பூசி போட வேண்டிய நேரம் சினைக்கு முன்பு.

இடம்

குட்டி போடும் இடத்தைப் பூனைதான் தீர்மானிக்கும். பரண், வைக்கோல் படப்பு, துணி அலமாரி, ஏலக்காய்ச் சாக்கு அடுக்கிய மூலை என்று இரண்டு வாரத்துக்கு முன்பே ஒவ்வொன்றாகப் பார்த்து வரும். நமக்கு வசதியான இடத்தை அதற்குப் பிடிக்கும்படி செய்வதே வழி.

திராட்சை ஏற்றும் பிளாஸ்டிக் பெட்டி நல்ல பிரசவ அறையாகும். முதலில் சோப்பு போட்டு நன்றாகக் கழுவி வெயிலில் காயவையுங்கள். மருந்து வாடை இருக்கக் கூடாது. ஓட்டைகளில் குட்டியின் கால் சிக்காமல் உட்புறம் அட்டை வைத்துத் தையுங்கள். அடியில் நாளிதழ், மேலே மடித்த பழைய பருத்திச் சேலை. நூல் பிரிந்த துணியும் ஓட்டை விழுந்த துண்டும் வேண்டாம். குட்டியின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். தாய் ஏறி இறங்க ஒரு பக்கம் தாழ்வாக இருக்கட்டும். மேலே ஒரு துணியைப் போட்டு இருட்டாக்குங்கள். அருகிலேயே தீனி, தண்ணீர். சற்றுத் தள்ளி மணல் தட்டு. நாயும் கடுவனும் நுழைய முடியாத அறையாக இருக்க வேண்டும். குட்டிகளைக் கொல்லும் கடுவன்கள் உண்டு.

இந்த ஊரில் இன்னொரு எதிரி எறும்பு. நச்சுக்கொடி வாடைக்கும் பால் வாடைக்கும் வரிசை கட்டி வரும். கண் திறக்காத குட்டியால் நகர்ந்துகூடத் தப்ப முடியாது. பெட்டியை ஒரு ஸ்டூல் மீது வைத்து, நான்கு கால்களுக்கும் அடியில் சமையலறை அலமாரிக்கு வைப்பதுபோலத் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள். தாய் ஏற ஒரு பலகை வைத்தால் அந்த வழியாகவும் எறும்பு ஏறும். ஆகவே தாய் ஒரே தாவில் ஏறும் உயரத்துக்குள் வைப்பது மேல். எறும்புச் சாக்பீஸும் பொடியும் பக்கத்தில்கூட வேண்டாம்.

குட்டி போடும் நாள்

சாப்பிட மறுப்பது, அடிக்கடி பெட்டிக்குள் போய்த் துணியைப் பிறாண்டுவது, மூச்சிரைப்பது, நம் காலையே சுற்றிச் சுற்றி வருவது எல்லாம் முதல் கட்டம். தலைச்சன் ஈற்றுக்கு இது ஒரு நாள்கூட நீளலாம். வெப்பமானி வைக்க விடும் பூனையாக இருந்தால், வழக்கமான 100.5 - 102.5 டிகிரி பாரன்ஹீட்டிலிருந்து சூடு 100-க்குக் கீழே இறங்குவது தெரியும். அடுத்த 24 மணி நேரத்துக்குள் குட்டி வரும். விடாத பூனையோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

பலமாக முக்கத் தொடங்கினால் அரைமணி நேரத்துக்குள் முதல் குட்டி வந்துவிட வேண்டும். அடுத்தடுத்தவை பெரும்பாலும் 10 நிமிடம் முதல் ஒரு மணி நேர இடைவெளியில் வரும். வால் முதலில் வந்தால் பதறாதீர்கள். மூன்றில் ஒரு குட்டி அப்படித்தான் வருகிறது. ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நச்சுக்கொடி. தாய் அதைத் தின்னும். தடுக்க வேண்டாம், எண்ணிக்கொள்ளுங்கள். எண்ணிக்கை குறைந்தால் உள்ளே தங்கியிருக்கலாம். மறுநாள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நம் வேலை தள்ளி உட்கார்ந்திருப்பது. பிள்ளைகளைக் கூட்டி வேடிக்கை காட்டினால் சில பூனைகள் பாதியிலேயே நிறுத்திவிட்டு வேறு இடம் தேடும். இரண்டு குட்டி போட்டுவிட்டு, அவற்றுக்குப் பால் கொடுத்து, நிம்மதியாகத் தூங்கி, பல மணி நேரம் கழித்து மீண்டும் தொடங்கும் பூனைகளும் உண்டு. முக்கல் இல்லாமல், களைப்பில்லாமல், சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அது ஓய்வு.

கை வைக்க வேண்டிய நேரம் இரண்டு. குட்டி பனிக்குடச் சவ்வோடு வந்து, தாய் ஒரு நிமிடத்துக்குள் கிழிக்கவில்லை என்றால் முகத்தின் மேலுள்ள சவ்வை விரலால் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, சுத்தமான துண்டால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். தலைகீழாகப் பிடித்துச் சுழற்ற வேண்டாம். தொப்புள்கொடியைத் தாய் கடிக்கவில்லை என்றால் வயிற்றிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நூலால் கட்டி, கொதிக்கவைத்த கத்தரிக்கோலால் கட்டுக்கு அப்பால் வெட்டி, போவிடோன் அயோடின் தொட்டு வையுங்கள். பிறகு தாயின் காம்பருகே விடுங்கள்.

உடனே மருத்துவரைத் தேட வேண்டிய நிலைகள்:

- அரைமணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை.
- பாதி வெளியே வந்த குட்டி 10 நிமிடத்துக்கு மேல் நின்றுவிட்டது. இழுக்காதீர்கள்.
- முதல் குட்டிக்கு முன்பே பச்சையோ கறுப்போ கலந்த நீர் வந்து, குட்டி வரவில்லை.
- சிவந்த இரத்தம் நிற்காமல் வடிகிறது.
- தாய் துவண்டு படுத்துவிட்டது, அல்லது சூடு 103-ஐத் தாண்டுகிறது.

இந்த நேரத்தில் மாட்டுக்குப் போடும் ஆக்ஸிடோசின் ஊசியைத் தெரிந்தவரிடம் வாங்கிப் போடும் பழக்கம் வேண்டாம். குட்டி குறுக்கே சிக்கியிருந்தால் அந்த ஊசி கருப்பையைக் கிழித்துவிடும். 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி பற்றிக் கேட்கலாம். அறுவை தேவைப்பட்டால் எங்கே போவது என்பதை முன்கூட்டியே அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் விசாரித்து வையுங்கள். அங்கே மாடும் ஆடும்தான் அதிகம் வருவதால், பூனைக்குச் சிசேரியன் செய்வார்களா என்பதைப் பகலில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தேனி மாவட்டத்துக்கென்று அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி 2020-ல் தொடங்கியது. கம்பத்திலிருந்து தேனிப் பக்கம் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் முடிவை நள்ளிரவுவரை தள்ளாதீர்கள். மூடியுள்ள பழக்கூடையில் துணி விரித்து, தாயையும் பிறந்த குட்டிகளையும் சேர்த்தே கொண்டு போங்கள்.

முதல் இரண்டு வாரம்

சீம்பால்தான் முதல் மருந்து. அதிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருளை குட்டியின் குடல் பிறந்து சுமார் 16 மணி நேரம்வரை மட்டுமே அப்படியே உறிஞ்சும். அதற்குள் ஒவ்வொரு குட்டியும் காம்பைப் பிடித்ததா என்று பாருங்கள்.

பிறக்கும்போது குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். தினமும் 10 முதல் 15 கிராம் கூட வேண்டும். மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசு ஒன்று கிடைத்தால் போதும். காலையில் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதுங்கள். தொடர்ந்து இரண்டு நாள் எடை ஏறாத குட்டிக்கு ஏதோ கோளாறு. வயிறு நிறைந்த குட்டி தூங்கும். ஓயாமல் கத்தும் குட்டிக்குப் பசி, குளிர், அல்லது நோய்.

முதல் வாரத்தில் குட்டியால் தன் உடம்புச் சூட்டைக் காக்க முடியாது. பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகையின் சூடே அதிகம்; பெட்டியை ஓட்டுக் கூரைக்கோ திண்ணை நிழலுக்கோ மாற்றுங்கள். ஆனி, ஆடிக் காற்றும் சாரலும், மார்கழி அதிகாலையும் எதிர்மாறு. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு கூடினால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ளும்.

தொட்டால் தாய் கைவிட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். பழகிய கையைத் தாய் ஏற்கும். ஊரார் எல்லோரும் தூக்கிப் பார்த்தால்தான் குட்டியைக் கவ்விக்கொண்டு இடம் மாறும். பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். ஈரம், வெளிச்சம், கூச்சல், கடுவன் வாடை, இந்த நான்கும் இல்லையென்றால் பெரும்பாலும் அது மாற்றாது. கழுத்துத் தோலைக் கவ்வியதும் குட்டி காலை மடக்கித் துவண்டு தொங்கும். தூக்கிச் செல்வதற்கென்றே அமைந்த அனிச்சைச் செயல் அது. தென்கலை வைணவர்கள் சரணாகதிக்கு எடுத்துக்காட்டும் மார்ஜார நியாயம் இந்தக் காட்சிதான். நாம் அப்படித் தூக்க வேண்டாம், உள்ளங்கையில் ஏந்துங்கள்.

கண் 7 முதல் 14 நாளுக்குள் தானாகத் திறக்கும். விரலால் பிரிக்காதீர்கள். மூடிய இமைக்குள் வீக்கமோ சீழோ தெரிந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்றிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

தெள்ளு மொய்த்தால் சின்னக் குட்டியின் இரத்தம் சில நாளில் வற்றிவிடும். ஈறு வெளிறியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த வயதில் மருந்து வேண்டாம். நெருக்கமான பல் கொண்ட சீப்பால் வாரி சோப்புத் தண்ணீரில் போடுங்கள், துணியை வெந்நீரில் அலசுங்கள், தாய்க்கு மருத்துவர் சொல்லும் மருந்தைப் போடுங்கள்.

தாயின் மடியைத் தினமும் தொட்டுப் பாருங்கள். ஒரு காம்பு மட்டும் சிவந்து, சுட்டு, கல்லாக இருந்தால் மடிவீக்கம். கெட்ட நாற்றத்தோடு நீர் வடிந்து, காய்ச்சல் இருந்தால் கருப்பைச் சீழ். உடம்பு நடுங்கி, விறைத்து, தடுமாறி நடந்தால் கால்சியம் குறைவு. சில மணி நேரத்தில் உயிர் போகக்கூடியது. மூன்றுக்கும் கைவைத்தியம் கிடையாது.

தாயில்லாக் குட்டி

இறந்துபோன தாய், பால் இல்லாத தாய், தோட்டத்து வேலியோரம் கிடந்த குட்டி என்று ஏதோ ஒரு வழியில் இந்த வேலை வந்து சேரும். வேலியோரக் குட்டியைக் கண்டவுடன் தூக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். சற்றுத் தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். ஆபத்தான இடமாகவோ குட்டி சில்லிட்டோ இருந்தால் மட்டும் உடனே எடுங்கள்.

முதலில் சூடு, பிறகு பால். குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. மார்போடு அணைத்து மெல்லச் சூடாக்குங்கள். பசும்பாலில் புரதம் சுமார் 3.3 சதவீதம், பூனைப்பாலில் அதன் இருமடங்குக்கு மேல். ஆகவே பூனைக்குட்டிக்கான பால் பவுடரை வாங்குங்கள். முதல் வாரம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும். குட்டியைக் குப்புற வைத்தே புகட்டுங்கள். மனிதக் குழந்தைபோல மல்லாத்தினால் பால் நுரையீரலுக்குள் போகும். ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் பின்புறத்தை வருடினால்தான் சிறுநீரும் மலமும் வரும்; மூன்று வாரம்வரை அது தானாகப் போகாது. ஊரில் வேறொரு தாய்ப் பூனை பால் கொடுத்துக்கொண்டிருந்தால், அதன் குட்டிகள் படுத்த துணியால் இந்தக் குட்டியைத் துடைத்து அவற்றோடு விட்டுப் பாருங்கள். பல தாய்கள் ஏற்றுக்கொள்ளும்.

மூன்றாம் வாரம் முதல் மூன்றாம் மாதம் வரை

மூன்று வாரத்தில் தள்ளாடி நடக்கும். உருண்டைப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வரும் என்பதால் முதல் குடற்புழு மருந்தும் இதே வயதில். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பால் மறக்கும்வரை. தாய்க்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எடைக்கேற்ற அளவை மருத்துவர் சொல்வார்.

நான்காவது வாரத்தில் மசித்த கறியையும் மீனையும் வெந்த தண்ணீரில் குழைத்துத் தட்டையான தட்டில் வையுங்கள். ஏழெட்டு வாரத்தில் பால் முழுவதும் மறக்கும். மணலோ தேங்காய் நார்த்தூளோ நிரப்பிய தட்டைக் காட்டினால் தாயைப் பார்த்தே பழகிவிடும். 2 முதல் 7 வாரம்வரை மனிதக் கைக்குப் பழகும் காலம். தினமும் சில நிமிடம் கையில் எடுத்தால் பின்னாளில் பிறாண்டாது.

6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு 3-4 வார இடைவெளியில் 16 வாரம்வரை. வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்றாவது மாதத்தில். பூனையின் கடியும் பிறாண்டலும் வெறிநோயைப் பரப்பும். குட்டி என்று அலட்சியம் வேண்டாம். காயத்தை 15 நிமிடம் சோப்பு போட்டுக் கழுவி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையைத் துரத்த வேண்டியதில்லை. பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா கிருமி இருக்கலாம். அது வெளியேறி ஒரு நாளாவது கழிந்த பிறகே தொற்றும் நிலைக்கு வரும். மணல் தட்டைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்தால் போதும். கர்ப்பிணி மண்ணில் வேலை செய்தால் கையுறை அணிந்து, பிறகு கை கழுவ வேண்டும். கறியை நன்றாக வேகவைக்க வேண்டும்.

அடுத்த ஈற்று

பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே பூனை மறுபடி பருவத்துக்கு வந்து சினைப்படும். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று; ஒவ்வொன்றிலும் மூன்று முதல் ஐந்து குட்டி. எல்லாவற்றுக்கும் சுருளிப்பட்டியில் வீடு கிடைக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் சாக்கில் கட்டி சுருளி அருவிப் பக்கத்துக் காட்டில் விட்டுவிட்டு வரும் வழக்கம் நடக்கிறது. அந்தக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கே விடப்பட்ட வீட்டுக்குட்டி பசியாலோ வேறு விலங்காலோ சாகும். பிழைத்தால் பறவைகளை வேட்டையாடும். பூனைக்கழிச்சல் போன்ற நோயைக் காட்டில் வாழும் சிறு பூனைகளுக்குக் கொடுக்கும்.

குட்டிகள் பிறந்த ஐந்தாவது வாரத்திலேயே கேட்டு வையுங்கள்: நெல் மண்டி, மாட்டுத் தொழுவம் உள்ள வீடு, எலித் தொல்லைப்படும் மளிகைக்கடை. எட்டு வாரத்துக்கு முன் யாரிடமும் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போது புழு மருந்து கொடுத்த தேதி, தடுப்பூசி போட்ட தேதி, அடுத்தது எப்போது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

தாய்க்குக் கருத்தடை அறுவை, குட்டிகள் பால் மறந்து மடி வற்றிய இரண்டு வாரத்தில் செய்யலாம். அதுவரை கடுவன் வராமல் வீட்டுக்குள் வையுங்கள். வீட்டில் நிறுத்திக்கொள்ளும் பெட்டைக் குட்டிக்கு நான்கைந்து மாதத்தில், முதல் கத்தலுக்கு முன்பே செய்துவிடலாம். கருத்தடை செய்த பூனை எலி பிடிக்காது என்பது வீண் பேச்சு. பசிக்காகவும் குட்டிக்காகவும் மட்டும் அது வேட்டையாடுவதில்லை. முதல் குட்டி பிறந்த தேதியைக் குறித்த அதே நாட்காட்டியில் பத்து வாரம் தள்ளி ஒரு நாளைக் குறித்து, கால்நடை மருத்துவரிடம் அந்தத் தேதியை இப்போதே கேட்டு வையுங்கள்.